வெப்பச் சுமை கொடுத்தபின் விடை தவறாக வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஒரு பாகத்தைச் சிறு எலிமெண்டுகளாக (துண்டுகளாக)ப் பிரித்துக் கணக்கிடும் மென்பொருளில் விசையோ அழுத்தமோ கொடுக்கும்போது எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் என்று பார்த்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். வெப்பச் சுமைக்கு அது போதாது. எந்த வெப்பநிலையிலிருந்து கணக்கு தொடங்குகிறது, பொருளுக்கு விரிவுக் குணகம் (ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியும் என்ற எண்) கொடுத்திருக்கிறோமா, விரிவதற்கு இடம் விட்டிருக்கிறோமா, உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் பல நேரம் மென்பொருள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. வண்ணப் படம் ஒன்று வந்துவிடும், அது தவறு என்று கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

ஆன்சிஸ், அபாகஸ், நாஸ்ட்ரான், ஃப்ரீகேடோடு வரும் கால்குலிக்ஸ் என்று எதைப் பயன்படுத்தினாலும் கீழே உள்ள அறிகுறிகள் பொதுவானவை. மெனுவின் பெயர்தான் மாறும்.

முதல் வேலை, பிழை எந்தப் பக்கம் என்று பிரிப்பது. வெப்பக் கணக்கு வெப்பநிலையைக் கண்டுபிடிக்கிறது. கட்டமைப்புக் கணக்கு அந்த வெப்பநிலையை வாங்கி விரிவையும் தகைவையும் (பரப்பலகுக்கு உள்ளே எழும் விசையையும்) கண்டுபிடிக்கிறது. தகைவு தவறாகத் தெரிந்தால் உடனே பாகத்தைப் பிடித்திருக்கும் சப்போர்ட்டுகளைக் கலைக்க வேண்டாம். கட்டமைப்புக் கணக்குக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் வெப்பநிலையை முதலில் படமாகப் போட்டுப் பாருங்கள். அது தவறென்றால் பிழை வெப்பக் கணக்கிலோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள மாற்றத்திலோ இருக்கிறது.

கையில் ஓர் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். எஃகின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல், விரிவுக் குணகம் டிகிரிக்கு சுமார் 12 × 10⁻⁶. இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்த எஃகுக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் 200000 × 12 × 10⁻⁶ × 100, அதாவது 240 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு வரும். கம்பியின் நீளமும் குறுக்குவெட்டும் என்னவாக இருந்தாலும் இதே எண்தான். பிடிக்காமல் விட்டால் 1 மீட்டர் கம்பி 1.2 மி.மீ. நீளும், தகைவு பூஜ்யம். கீழே பல இடங்களில் இந்த எண்ணிடம்தான் திரும்ப வரப்போகிறோம்.

தகைவும் இல்லை, விரிவும் இல்லை

சுமை கொடுத்தாயிற்று, கணக்கைத் தீர்க்கும் சால்வர் ஓடியாயிற்று, எல்லாமே பூஜ்யம். இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஒன்று, பொருளுக்கு விரிவுக் குணகமே இல்லை. யங் குணகமும் பாய்சான் விகிதமும் மட்டும் கொடுத்துப் புதிதாக உருவாக்கிய பொருளில் இது சகஜம். அபாகஸில் விரிவுக் குணகம் 'எக்ஸ்பான்ஷன்' என்று தனியாகச் சேர்க்க வேண்டிய பண்பு. சேர்க்காவிட்டால் வெப்பநிலை மாறுவது விரிவில் தெரியவே தெரியாது.

இரண்டு, தொடக்க வெப்பநிலையும் சுமை வெப்பநிலையும் ஒன்றாக இருக்கின்றன. விரிவை உண்டாக்குவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஆன்சிஸ் மெக்கானிக்கலில் 'என்விரான்மென்ட் டெம்பரேச்சர்' தானாகவே 22 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும், பொருள்கள் அதையே தகைவற்ற வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளும். அதைப் போய் 120 என்று மாற்றிவிட்டு, 'தெர்மல் கண்டிஷன்' வழியாகவும் 120 கொடுத்தால் வித்தியாசம் பூஜ்யம்.

அபாகஸில் இதே பிழை வேறு வடிவில் வரும். 'ப்ரீடிஃபைன்ட் ஃபீல்டு' வழியாக வெப்பநிலையை 'இனிஷியல்' ஸ்டெப்பில் மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டெப்பில் மாற்றாமல் விட்டால், பொருள் அந்த வெப்பநிலையிலேயே பிறந்ததாகத்தான் கணக்கு. எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து. முதல் ஸ்டெப்பில் மட்டும் 130 கொடுத்து, இனிஷியலில் எதுவும் கொடுக்காவிட்டால் தொடக்கம் பூஜ்யம் டிகிரி ஆகிவிடும். 30 டிகிரி அறையிலிருந்து 130 வரை, அதாவது 100 டிகிரி ஏற்றம்தான் உங்கள் எண்ணம். மென்பொருள் எடுத்துக்கொண்டது 130 டிகிரி ஏற்றம். நம் கம்பியில் 240 வர வேண்டிய இடத்தில் 312 வரும். எல்லாமே பூஜ்யமாக வந்தால் கண்ணில் படும், 312 வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் கைக்கணக்கை வலியுறுத்துகிறேன்.

மூன்று, சுமை மாடலில் இருக்கிறது, ஆனால் கணக்கு அதைக் கூப்பிடவில்லை. நாஸ்ட்ரானில் வெப்பநிலைக் கார்டுகளை (உள்ளீட்டுக் கோப்பின் வரிகளை) எழுதினால் மட்டும் போதாது. கேஸ் கண்ட்ரோல் பகுதியில் 'டெம்ப் லோடு' வரி அவற்றின் எண்ணைச் சொல்லி அழைக்க வேண்டும். மேலும் பொருள் கார்டில் உள்ள ஆதார வெப்பநிலையை எழுதாமல் விட்டால் அங்கேயும் தொடக்கம் பூஜ்யம் டிகிரிதான். ஃப்ரீகேடில் பகுப்பாய்வின் வகை வெறும் 'ஸ்டாட்டிக்' என்று இருந்தால் வெப்பம் கணக்கில் வராது, 'தெர்மோமெக்கானிக்கல்' வகைக்கு மாற்றி, தொடக்க வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும்.

நான்கு, ஆன்சிஸில் அந்தப் பாகத்தின் 'தெர்மல் ஸ்ட்ரெய்ன் எஃபெக்ட்ஸ்' தேர்வு 'நோ' என்று இருக்கலாம். வேறொருவர் செய்த மாடலை வாங்கி வேலை செய்யும்போது இதைப் பார்த்துவிடுவது நல்லது.

விரிவு வருகிறது, தகைவு மட்டும் இல்லை

இது பிழை இல்லாமலும் இருக்கலாம். ஒரே பொருளால் ஆன பாகம், எல்லா இடத்திலும் ஒரே வெப்பநிலை, விரிவதற்குத் தடையில்லை என்றால் தகைவு பூஜ்யமாகத்தான் வர வேண்டும். பாகத்துக்குள் வெப்பநிலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் மாறினாலும் இதே கதைதான், பாகம் வளைந்துகொள்ளும், தகைவு வராது. தகைவு வேண்டுமென்றால் தடை வேண்டும், அல்லது வேறு குணகம் கொண்ட இன்னொரு பொருள் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது வெப்பநிலை வளைகோட்டில் மாற வேண்டும்.

தகைவு நம்ப முடியாத அளவுக்கு அதிகம்

பல பேரைத் தடுமாற வைக்கும் அறிகுறி இது. காரணம் பெரும்பாலும் சப்போர்ட்.

அடிப்பரப்பு முழுவதற்கும் 'ஃபிக்ஸட் சப்போர்ட்' கொடுத்து ஓர் எஃகுத் தட்டை 100 டிகிரி சூடாக்குங்கள். அந்தப் பரப்பு பக்கவாட்டில் இரண்டு திசையிலும் விரிய முடியாது. அங்கே தகைவு 240 ஆக இருக்காது, 240 ÷ (1 − 0.3), அதாவது சுமார் 343 மெகாபாஸ்கல். இங்கே 0.3 என்பது எஃகின் பாய்சான் விகிதம் (ஒரு திசையில் நீண்டால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்ற எண்). மூன்று திசையிலும் அடைத்துவைத்தால் 240 ÷ (1 − 0.6), 600 மெகாபாஸ்கல். விசைச் சுமையில் ஃபிக்ஸட் சப்போர்ட் தூரத்தில் இருந்தால் அதைச் சுற்றி வரும் தகைவைக் கண்டுகொள்ளாமல் விடலாம். வெப்பச் சுமையில் அந்தச் சப்போர்ட்டே சுமையை உண்டாக்குகிறது. உண்மையான அடித்தளமும் சூடாகி ஓரளவு விரியும் என்பது மாடலில் இல்லை.

சப்போர்ட்டின் ஓரத்தில் தகைவு உச்சம் தெரிந்தால் அங்கே மெஷ்ஷின் (எலிமெண்டுகளின் வலையின்) அளவைப் பாதியாக்கி ஓட்டுங்கள், மறுபடி பாதியாக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் எண் ஏறிக்கொண்டே போனால் அது கணித ரீதியான கூர்முனை. அந்த எண்ணுக்குப் பொருள் எதுவும் இல்லை, அறிக்கையில் எழுதக் கூடாது.

பாகம் நகராமல் இருக்க வேண்டும், ஆனால் விரிய வேண்டும் என்றால் 3-2-1 முறை இருக்கிறது. ஒரு நோடை (எலிமெண்டுகள் சேரும் புள்ளியை) மூன்று திசையிலும் பிடியுங்கள். இரண்டாவது நோடை இரண்டு திசையில் மட்டும் பிடியுங்கள், முதல் நோடோடு இதை இணைக்கும் கோட்டின் திசையைத் திறந்துவிடுங்கள். மூன்றாவது நோடை, மூன்று நோடும் இருக்கும் தளத்துக்குச் செங்குத்தான திசையில் மட்டும் பிடியுங்கள். இப்படிச் செய்தால் சீரான வெப்பநிலையில் தகைவு வராது. சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க எதிர்விசையைக் கேளுங்கள். மூன்று நோடுகளிலும் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். பத்தாயிரம் நியூட்டன் வந்தால் ஏதோ ஒரு திசையைத் தவறாகப் பூட்டியிருக்கிறீர்கள். சமச்சீர் உள்ள பாகமென்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம், சமச்சீர்த் தளங்களே பெரும்பாலான பிடிப்பைக் கொடுத்துவிடும்.

அடுத்த சந்தேகம், போல்ட் துளைகளில். துளையின் பரப்பை நடுவில் உள்ள ஒரு புள்ளியோடு இறுக்கமான இணைப்பால் கட்டுவது எல்லோரும் செய்வது. அந்த இணைப்புக்கு விரிவு கிடையாது. சுற்றியுள்ள உலோகம் விரிய, துளை மட்டும் விரியாமல் நிற்கும். துளையைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரியும். ஆன்சிஸில் அந்த நடுப்புள்ளியின், அதாவது ரிமோட் பாயிண்டின், நடத்தையை 'ரிஜிட்' என்பதிலிருந்து 'டிஃபார்மபிள்' ஆக மாற்றுங்கள். நாஸ்ட்ரானில் ஆர்பிஇ2 (இறுக்கமான இணைப்பு) இருந்தால் ஆர்பிஇ3 (துளையை இறுக்காமல் விசையைப் பகிரும் இணைப்பு) பொருந்துமா என்று பாருங்கள். ஆர்பிஇ2 இருந்தே ஆக வேண்டுமென்றால் லாக்ராஞ்ச் முறைக்கு மாற்றி அந்த உறுப்புக்கே விரிவுக் குணகம் கொடுக்கலாம்.

அலுமினியமும் எஃகும் சேரும் இடத்தில் 'பாண்டட்' (முழுக்க ஒட்டிய) தொடர்பு கொடுத்திருந்தால் அதையும் யோசியுங்கள். அலுமினியத்தின் குணகம் சுமார் 23 × 10⁻⁶, எஃகைவிட 11 × 10⁻⁶ அதிகம். போல்ட் போட்ட இணைப்பு இந்த வித்தியாசத்தில் சற்று வழுக்கிக்கொடுக்கும். பாண்டட் தொடர்பு துளியும் விடாது. உண்மையிலேயே பற்றவைத்தோ ஒட்டியோ இருந்தால் சரி, இல்லையென்றால் உராய்வுத் தொடர்புக்கு மாறுங்கள், கணக்கு நேரம் கூடினாலும் பரவாயில்லை.

இத்தனையும் பார்த்தபின்பும் தகைவு நெகிழ்வு எல்லையை (பொருள் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவை)த் தாண்டி நிற்கிறதென்றால், நேரியல் கணக்கு அதன் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். ஒரே திசையில் 600 மெகாபாஸ்கல் என்பது 0.3 சதவீதத் திரிபு (நீள மாற்றத்தின் விகிதம்). மென்எஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நெகிழத் தொடங்கி, அந்தத் திரிபை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும், 600 என்ற தகைவு அங்கே வராது. ஒருமுறைச் சூடேற்றத்தில் வெப்பத் தகைவு தன்னைத் தானே தளர்த்திக்கொள்ளும், அதனால் உடனே உடைந்துவிடும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் பாகம் தினமும் சூடாகிக் குளிர்கிறதென்றால் அந்தத் திரிபுதான் சோர்வு முறிவுக்கு விதை. நெகிழும் பொருள் மாதிரியைப் போட்டுத் திரிபின் ஏற்ற இறக்கத்தைப் படியுங்கள்.

வெப்பநிலை இலட்சக்கணக்கில், அல்லது சால்வர் பாதியில் நிற்கிறது

நிலைத்த வெப்பக் கணக்கில் இது வந்தால் வெப்பம் வெளியேற வழி இல்லை. எந்தப் பரப்புக்கு எதுவும் கொடுக்கவில்லையோ அது முழுக்க வெப்பம் கடத்தாத சுவராகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். 20 வாட் உள்ளே கொடுத்துவிட்டு வெளியே எதுவும் கொடுக்காவிட்டால் நிலைத்த விடை என்று ஒன்றே கிடையாது. வெப்பச்சலனமோ, கதிர்வீச்சோ, நிலையான வெப்பநிலையோ ஓரிடத்திலாவது இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தும் இதே அறிகுறி வந்தால் பாகங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. சூடு உண்டாகும் பாகம் தனித்து நிற்கிறது, குளிர்விக்கும் பரப்பு வேறு பாகத்தில் இருக்கிறது. வெப்பநிலைப் படத்தில் ஏதாவது பாகம் ஒரே நிறத்தில், பக்கத்துப் பாகத்தோடு சம்பந்தமே இல்லாமல் இருந்தால் அதுதான் குற்றவாளி. ஆன்சிஸ் தானாக உண்டாக்கும் தொடர்பு கிட்டத்தட்ட முழுமையாக வெப்பம் கடத்தும், ஆனால் கேட் மாடலில் இடைவெளி இருந்தால் தொடர்பு உண்டாகாமலே போகலாம். அபாகஸில் இரண்டு பரப்புகளுக்குத் தொடர்பு கொடுத்தாலும், 'தெர்மல் கண்டக்டன்ஸ்' என்று தனியாகச் சேர்க்கும்வரை வெப்பம் கடக்காது. 'டை' (இரண்டு பரப்பையும் ஒன்றாகக் கட்டும் இணைப்பு) கொடுத்தால் கடக்கும்.

நேரத்தோடு மாறும் கணக்கில் இந்தப் பிழை சத்தம் போடாது, வெப்பநிலை மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே ஓர் எளிய சோதனை: அரை கிலோ அலுமினியத்துக்கு 20 வாட் கொடுத்தால், தன்வெப்பம் கிலோவுக்கு 900 ஜூல் என்று வைத்து, 20 ÷ 450, நொடிக்கு 0.044 டிகிரி, நிமிடத்துக்கு 2.7 டிகிரி ஏறும். முதல் சில நிமிடங்களில் உங்கள் சராசரி வெப்பநிலை இந்த வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

விடை பல மடங்கு பிசகுகிறது

மி.மீ., டன், நொடி அலகு முறையில் வேலை செய்பவர்களுக்கு இது நிரந்தரத் தலைவலி. கடத்துதிறன் மீட்டர் முறையிலும் மி.மீ. முறையிலும் ஒரே எண், எஃகுக்கு சுமார் 45 என்றால் இங்கேயும் 45. இதைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். இல்லை. சலனக் குணகம் (ஒரு டிகிரி வித்தியாசத்துக்குப் பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம்) ஆயிரத்தில் ஒரு பங்காகும், சதுர மீட்டருக்கு 10 வாட் என்பது இங்கே 0.01. திறன் மில்லிவாட்டில் போக வேண்டும், 20 வாட் என்றால் 20000. எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹, தன்வெப்பம் 460 என்பது 4.6 × 10⁸ ஆகும். ஸ்டெஃபான் போல்ட்ஸ்மான் மாறிலி 5.67 × 10⁻⁸ என்பது 5.67 × 10⁻¹¹.

எது தவறு என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கதிர்வீச்சு இல்லாத நிலைத்த கணக்கில் சுற்றுப்புறத்துக்கு மேல் உள்ள ஏற்றம், கொடுத்த திறனுக்கு நேர்விகிதம். ஏற்றம் எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் திறனை வாட்டில் போட்டுவிட்டீர்கள். சலனக் குணகத்தை ஆயிரம் மடங்கு கூட்டிப் போட்டாலும் பரப்பு சுற்றுப்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் பாகத்துக்குள் கடத்தலால் வரும் வெப்பநிலை வித்தியாசம் பெரிதாகக் குறையாது. திறன் தவறென்றால் அந்த வித்தியாசமும் சேர்ந்தே சுருங்கிவிடும். நிலைத்த விடையெல்லாம் சரி, நேரக் கணக்கில் மட்டும் சூடேறும் வேகம் பல்லாயிரம் மடங்கு பிசகுகிறது என்றால் அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் பாருங்கள்.

எண் நம்பும்படி இருக்கிறது, அளந்து பார்த்தால் ஒத்துப்போகவில்லை

சோதனை மேசையில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் 75 காட்டுகிறது, மாடல் 105 காட்டுகிறது. அல்லது அப்படியே தலைகீழ். சால்வர் அமைப்புகளில் தேடி இதற்குப் பயனில்லை. எல்லையில் கொடுத்த எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு எல்இடி விளக்கை எடுத்துக்கொள்வோம். 20 வாட் வெப்பம், பின்னால் 500 சதுர செ.மீ. பரப்புள்ள அலுமினியத் தட்டு, விசிறி கிடையாது. ஏற்றம் = திறன் ÷ (குணகம் × பரப்பு). குணகம் 10 என்றால் 20 ÷ (10 × 0.05), 40 டிகிரி. சுற்றுப்புறம் 35 என்றால் தட்டு 75. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இந்த எண்ணை எழுதிவைத்துவிடுங்கள்.

அந்த 10 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. காற்று தானாக எழும்பிப் போகும் சலனத்துக்கு 5 முதல் 25 வரை புத்தகங்களில் போட்டிருப்பார்கள், இப்படிப்பட்ட தட்டுக்கு கீழ்ப்பக்கம்தான், 5 அல்லது 6. மீதி கதிர்வீச்சிலிருந்து வருகிறது. அறை வெப்பநிலையை ஒட்டி, முழுக் கருமைப் பரப்பின் கதிர்வீச்சு சுமார் 6 என்ற சலனக் குணகத்துக்குச் சமம். அனோடைஸ் செய்த அலுமினியத்தின் உமிழ்திறன் (கருமைப் பரப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு கதிர்வீசும் என்ற எண்) சுமார் 0.8, எனவே கிட்டத்தட்ட 5. சலனத்தின் 5-ஐயும் சேர்த்து 10. பளபளப்பான வெற்று அலுமினியத்துக்கு உமிழ்திறன் 0.1-கூடத் தேறாது, மொத்தம் சுமார் 5.5. அப்போது ஏற்றம் 40 இல்லை, 73. அதே தட்டு, அதே விளக்கு, மேற்பூச்சு மட்டும் மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம். 'கொஞ்சம்தானே சூடாகிறது, கதிர்வீச்சு எதற்கு' என்று விட்டுவிடுவது விசிறி உள்ள கருவிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஒரு எச்சரிக்கை: தட்டில் துடுப்புகள் இருந்தால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். கதிர்வீச்சுக்குத் துடுப்புகளின் மொத்தப் பரப்பை எடுக்காமல், அவற்றைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால் வரும் பரப்பை எடுங்கள்.

அடுத்தது தொடர்பு. மென்பொருளின் முழுமையான தொடர்பு, உண்மையில் கிடையாது. 20 மி.மீ. சதுரச் சில்லுக்கும் தட்டுக்கும் நடுவில் 0.1 மி.மீ. கனத்துக்கு வெப்பப் பசை, கடத்துதிறன் 1 என்றால் தடை வாட்டுக்கு 0.25 டிகிரி, 20 வாட்டுக்கு 5 டிகிரி. அதே இடைவெளியில் பசைக்குப் பதில் வெறும் காற்று இருந்தால், கடத்துதிறன் 0.026, வித்தியாசம் 190 டிகிரிக்கும் மேல். உண்மையான பரப்புகள் அங்கங்கே தொட்டுக்கொண்டிருப்பதால் விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பசை சரியாகப் பரவாத ஒரு மூலை எவ்வளவு செய்யும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். தொடர்புக் கடத்துமையை நீங்களே கொடுங்கள்: கடத்துதிறனைக் கனத்தால் வகுத்தால், இந்தப் பசைக்குச் சதுர மீட்டருக்கு 10000 வாட்.

அப்புறம் பரப்புகள். எல்லாப் பரப்பையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து வெப்பச்சலனம் கொடுத்தால், இரண்டு பாகங்கள் ஒட்டியிருக்கும் உள்பரப்புகளும் அதில் சேர்ந்து, காற்றே இல்லாத இடத்தில் குளிர்ச்சி உண்டாகும். தேர்ந்தெடுத்த மொத்தப் பரப்பை மென்பொருளிடம் கேட்டு, கையில் உள்ள 500 சதுர செ.மீ.யோடு ஒப்பிடுங்கள். ஷெல் எலிமெண்ட் (மெல்லிய தகட்டுக்கானது) என்றால் மேல்பக்கம் மட்டும் கொடுத்து அடிப்பக்கத்தை மறந்திருக்கலாம்.

சுற்றுப்புற வெப்பநிலையையும் விட்டுவிடாதீர்கள். ஆன்சிஸில் வெப்பச்சலனத்தின் சுற்றுப்புறமும் தானாக 22 தான். சென்னையின் மே மாத வெயிலில் 40-ஐத் தொடும் இடத்தில் தொங்கப்போகும் தெருவிளக்குக்கு அந்த 18 டிகிரி பெரிய விஷயம்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை உண்டு. நிலைத்த கணக்கு முடிந்ததும், ஒவ்வொரு எல்லையிலும் போகும் வெப்பத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டுங்கள். உள்ளே வந்த 20 வாட்டும் வெளியே போக வேண்டும். இந்தக் கூட்டல் சரியாக வராமல் தகைவுக் கணக்குக்குப் போகாதீர்கள்.

உட்பகுதி, தொடக்க வெப்பநிலைக்கும் கீழே இறங்குகிறது

30 டிகிரியில் இருந்த பாகத்தின் பரப்பைத் திடீரென்று 300 ஆக்குகிறீர்கள். முதல் சில நேரப்படிகளில் (கணக்கு முன்னேறும் சிறு கால இடைவெளிகளில்) பரப்புக்குச் சற்று உள்ளே 22 டிகிரி தெரிகிறது. இயற்கையில் நடக்காது. நேரப்படி மெஷ்ஷுக்குப் பொருந்தாத அளவு சிறியது, அதாவது அந்த நேரத்துக்குள் வெப்பம் ஓர் எலிமெண்டைக்கூடக் கடக்கவில்லை.

எலிமெண்ட் நீளத்தின் வர்க்கத்தை, வெப்பப் பரவுதிறனின் (கடத்துதிறன் ÷ அடர்த்தி × தன்வெப்பம்) 6 மடங்கால் வகுத்தால் வருவது நேரப்படியின் கீழ் எல்லை. எஃகின் பரவுதிறன் நொடிக்கு சுமார் 12.5 சதுர மி.மீ. எலிமெண்ட் 5 மி.மீ. என்றால் 25 ÷ 75, மூன்றில் ஒரு பங்கு நொடி. பிளாஸ்டிக்குக்குப் பரவுதிறன் 0.1 அளவில்தான் இருக்கும், அதே எலிமெண்டுக்கு 40 நொடிக்கும் மேல். எஃகுக்கு ஓடிய அமைப்பை அப்படியே பிளாஸ்டிக் பாகத்துக்கு எடுத்துப்போனால் ஏன் ஆட்டம் காண்கிறது என்பது இதிலேயே தெரியும்.

நேரப்படியைக் கூட்டுவது சுலபமான வழி, ஆனால் அதிர்ச்சியின் முதல் நொடிகள்தான் வேண்டும் என்றால் அது உதவாது. பரப்பை ஒட்டி மெஷ்ஷை மெல்லிய அடுக்குகளாக்குங்கள். 1 மி.மீ. ஆக்கினால் எஃகின் எல்லை 0.013 நொடிக்கு இறங்கிவிடும். இரண்டாம் படி எலிமெண்டுக்கு (விளிம்பின் நடுவிலும் நோட் உள்ளதற்கு)ப் பதில் முதல் படி எலிமெண்ட் (மூலைகளில் மட்டும் நோட் உள்ளது) போட்டாலும் ஆட்டம் குறையும். உண்மையில் எந்தப் பரப்பும் பூஜ்ய நேரத்தில் 300-க்குத் தாவுவதில்லை, அதனால் நிலையான வெப்பநிலைக்குப் பதில் வெப்பச்சலனமாகக் கொடுப்பதே நேர்மையான எல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெப்ப அதிர்ச்சியில் தகைவின் உச்சம் கடைசி நேரத்தில் வருவதில்லை. பரப்பு சூடாகி உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும் தொடக்க நேரத்தில் வந்து, பிறகு தணிந்துவிடும். இறுதி வெப்பநிலையை மட்டும் கட்டமைப்புக் கணக்குக்கு அனுப்பினால் பாகம் பத்திரமாக இருப்பதுபோல் தெரியும். பரப்புக்கும் நடுப்பகுதிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை நேரத்தோடு வரைந்து, அது உச்சமாக இருக்கும் நேரங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கதிர்வீச்சு சேர்த்தும் எதுவும் மாறவில்லை

கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. செல்சியஸில் வேலை செய்யும்போது தனிப்பூஜ்யம் −273.15 என்று அபாகஸிலும் கால்குலிக்ஸிலும் நாம்தான் சொல்ல வேண்டும், ஸ்டெஃபான் போல்ட்ஸ்மான் மாறிலியையும் கொடுக்க வேண்டும். ஆன்சிஸ் மெக்கானிக்கல் இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். சொல்லாமல் விட்டால், 100 டிகிரிப் பரப்பு 30 டிகிரி அறைக்கு விடும் வெப்பம் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

வெப்பக் கணக்கு சரி, கட்டமைப்புக் கணக்கில் வெப்பநிலை வேறு

இறக்குமதி ஆன வெப்பநிலையின் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான எண்ணையும் வெப்பக் கணக்கின் எண்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மூன்று இடங்கள். கோப்பு வழியாகக் கொண்டுவந்திருந்தால் ஆயத்தொலைவு ஒன்றில் மீட்டர், மற்றதில் மி.மீ. அபாகஸில் இரண்டு மெஷ்ஷும் வேறாக இருந்து, இடைக்கணிப்பை இயக்காமல் விட்டிருக்கலாம். மூன்றாவதை அடிக்கடி தவற விடுகிறார்கள்: வெப்பக் கணக்கில் சிறிய போல்ட்டுகளை நீக்கியிருப்போம், கட்டமைப்புக் கணக்கில் அவை இருக்கும். அவற்றுக்கு வெப்பநிலை எதுவும் வந்து சேராததால் ஆதார வெப்பநிலையிலேயே நிற்கும். சூடான உடலுக்கு நடுவே குளிர்ந்த போல்ட், அதில் ஏறிக் கிடக்கும் இழுவிசை முழுக்கப் பொய்.

அறை வெப்பநிலையில் சரி, வேறு தொடக்கத்தில் பிசகுகிறது

வெப்பநிலையோடு மாறும் விரிவுக் குணக அட்டவணையில் இருப்பவை பொதுவாக 20 டிகிரியிலிருந்து அளந்த சராசரிகள். உங்கள் தகைவற்ற நிலை வேறாக இருந்தால், அந்த 20 எது என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும், அபாகஸில் எக்ஸ்பான்ஷனின் 'ஜீரோ' என்ற இடத்தில். ஒரே குணகம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

தகைவற்ற நிலை எது என்பதைத் தொழிற்சாலையில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 150 டிகிரியில் இறுகும் பசையால் ஒட்டிய பாகம் அறைக்கு வரும்போதே 120 டிகிரிக்கான தகைவோடுதான் வருகிறது. ஈயமில்லாப் பற்றாசு சாக்305 என்றால் அது உறையும் 217 டிகிரியைத் தொடக்கமாக எடுப்பது வழக்கம். இங்கே 22 என்று விட்டுவைத்தால் தகைவின் அளவு மட்டுமல்லாமல் திசையும் தலைகீழாகிவிடும்.

எந்த அறிகுறியும் இல்லை, ஆனால் விடை மேல் நம்பிக்கை வரவில்லை

அப்படியென்றால் விடை தெரிந்த ஒரு கணக்கை அதே அமைப்புகளோடு ஓட்டுங்கள். பிரிட்டனின் நாஃபெம்ஸ் அமைப்பு வெளியிட்ட சோதனைகளில் டி4 இதற்கு ஏற்றது. 0.6 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள தட்டு, கடத்துதிறன் 52. கீழ் விளிம்பு 100 டிகிரி, இடது விளிம்பு வெப்பம் கடத்தாதது, மேல் விளிம்பும் வலது விளிம்பும் பூஜ்யம் டிகிரிக் காற்றுக்கு 750 என்ற சலனக் குணகத்தோடு. வலது விளிம்பில் கீழிருந்து 0.2 மீட்டர் உயரத்தில் 18.3 டிகிரி வர வேண்டும். கரடுமுரடான மெஷ்ஷில் சற்றுப் பிசகும், மெஷ் நுணுகநுணுக அந்த எண்ணை நெருங்கும்.

தகைவுப் பக்கத்துக்கு ஈருலோகப் பட்டை போதும். இரண்டு அடுக்கும் தலா 1 மி.மீ., யங் குணகம் இரண்டுக்கும் ஒன்றே, பாய்சான் விகிதம் பூஜ்யம், விரிவுக் குணகம் 12 × 10⁻⁶, 23 × 10⁻⁶. ஒரு முனையைப் பிடித்து 100 டிகிரி சூடாக்குங்கள். டிமொஷென்கோ 1925-இல் கொடுத்த சூத்திரத்தின்படி வளைவு = 1.5 × குணக வித்தியாசம் × வெப்பநிலை ஏற்றம் ÷ மொத்தக் கனம். 100 மி.மீ. நீளப் பட்டையின் நுனி சுமார் 4.1 மி.மீ. நகர வேண்டும், குணகம் குறைந்த அடுக்கின் பக்கமாக. எதிர்ப்பக்கம் வளைந்தால் இரண்டு பொருளையும் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது ஆதார வெப்பநிலையும் சுமை வெப்பநிலையும் இடம் மாறியிருக்கின்றன.